அட்டையில் நான்கு குறைகிறது

போத்தனூர்
8.1.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அமலி எழுதுகிறேன். மாதாவின் துணையால் நாங்கள் எல்லோரும் நலம். அங்கே பனி கடுமை என்று கேள்விப்பட்டேன். உங்கள் இருமல் தேவலையா? மருந்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவர் என்பதால் விசாரிக்காமல் இருக்க முடியுமா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் எஸ்டேட்டில் சிக்னல் கிடைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த வீட்டில் போன் பேசினால் நான்கு காதுகள் கேட்கின்றன. ஜெப்ரி என் போனை எடுத்து யார் யாரோடு பேசினேன் என்று பார்க்கிறான். பெற்ற பையன் அப்படிச் செய்வானா? பெண்டாட்டி சொல்லிக் கொடுக்காமல் அவனுக்கு அந்தப் புத்தி வராது.

விஷயத்துக்கு வருகிறேன். முதுகில் ஆபரேஷன் செய்ததிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த டிராமடால் மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாதமாக அந்த மாத்திரை காணாமல் போகிறது. காலையில் முழு அட்டையாக வைத்தால் சாயங்காலம் நான்கு குறைகிறது. வீட்டில் நான், ஜெப்ரி, கெசியா மூன்று பேர்தான். ஜெப்ரி பம்ப்செட் கம்பெனிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். கெசியா நர்ஸ். எந்த மாத்திரை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாததா? கைப்பையைக் குளியலறைக்கும் எடுத்துப் போகிறாள். அவள் பீரோவுக்குப் பூட்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தவள் நான், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

என் டாக்டர் அடுத்த மாதம்தான் வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை வலியோடு இருக்க முடியாது. உங்கள் டிஸ்பென்சரியிலிருந்து அதே மாத்திரையில் இரண்டு அட்டை அனுப்ப முடியுமா? இங்கே அனுப்பினால் அவள் கையில் சிக்கும். பக்கத்து வீட்டு ராமாமணி அக்கா பெயருக்கு அனுப்புங்கள். அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
அமலி


வால்பாறை
17.1.2024

அன்புத் தங்கை அமலிக்கு,

அண்ணன் அமிர்தராஜ் எழுதிக்கொள்வது. நான் நலம், இருமலும் நலமாக இருக்கிறது, விட்டுப் போவதாயில்லை. உன் முதுகை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

நீ கேட்டதை நேற்று பார்சல் போட்டுவிட்டேன். இரண்டு கேட்டாய், மூன்று வைத்திருக்கிறேன். டிஸ்பென்சரி மாத்திரை எஸ்டேட் ஆட்களுக்குத்தான், வெளியே கொடுக்கக் கூடாது. கூடப் பிறந்தவள் வலியில் துடிக்கிறாய், என்ன செய்வது.

கெசியாவைப் பற்றி எழுதியது என் மனதை விட்டுப் போகவில்லை. கல்யாணத்தன்று பார்த்தபோது தங்கமான பெண்ணாகத் தெரிந்தாள். ஆனால் மருந்து புழங்குகிற கைக்கு அந்த ஆசை வராது என்று நான் சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலில் முப்பத்திரண்டு வருஷம் இருக்கிறேன். அவசரப்பட்டு வாயை விட்டுவிடாதே. மாத்திரையைப் பூட்டி வை, சாவியை உன்னிடம் வைத்துக்கொள், கண்ணால் பார்த்தபிறகு பேசு.

இப்படிக்கு,
அமிர்தராஜ்


போத்தனூர்
12.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பார்சல் கிடைத்தது. நன்றி. நீங்கள் நலமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன்.

பூட்டி வைத்தும் பயனில்லை. நீங்கள் அனுப்பிய மூன்றும் போய்விட்டன. பூட்டை எப்படித் திறக்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் இப்போது சாட்சி இருக்கிறது. போன வியாழக்கிழமை துணி காயப்போடுகிற சாக்கில் அவள் வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். "எண்ணிப் பாத்துபோட்டனுங்க. காத்தால பத்து இருந்துச்சு. இப்ப ஆறுதான் இருக்குது" என்றாள். என் மாத்திரையை எண்ணிப் பார்க்க அவள் யார்? அந்தப் பக்கம் யார்? எவனுக்கோ விற்கிறாளோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். தோசைக்கல்லில் கை வைத்துவிட்டேன். வைத்ததே தெரியவில்லை, கருகின வாடை வந்தபிறகுதான் பார்த்தேன். போன ஞாயிறு பூசையில் பிரசங்கத்தின்போது தூங்கி முன் பெஞ்சில் முட்டிக்கொண்டேன். எல்லாம் வலியால் வந்த அசதி.

இன்னும் ஐந்து அட்டை அனுப்புங்கள். இல்லை, பத்தாக அனுப்பிவிட்டால் உங்களை அடிக்கடி தொந்தரவு செய்ய மாட்டேன். சீக்கிரம் அனுப்புங்கள் அண்ணா. தபால்காரர் வருகிற நேரத்துக்கு ராமாமணி அக்கா வீட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புத் தங்கை,
அமலி


வால்பாறை
20.2.2024

அன்புள்ள மகள் கெசியாவுக்கு,

ஜெப்ரியின் தாய்மாமன் அமிர்தராஜ் ஆசிகளோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமா? ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதுகிறேனே என்று தப்பாக நினைக்காதே.

அமலிக்கு வேண்டிய வலி மாத்திரை அடிக்கடி காணாமல் போகிறது என்று என் காதுக்கு வந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே. நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் ராத்திரி டியூட்டி, நின்றுகொண்டே வேலை, இதெல்லாம் ஒரு மனுஷியை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். அப்படி ஏதாவது இருந்தால் என்னிடம் சொல். நான் யாரையும் ஏசுகிற ஆளல்ல. ஏசுவதற்கு எனக்குத் தகுதியும் கிடையாது.

ஆசிகளுடன்,
அமிர்தராஜ்


போத்தனூர்
2.3.2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். முறைக்கு உங்களைப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டுமாம். உங்கள் மருமகன் மாமா என்று கூப்பிடுவதால் எனக்கும் அதுவே வாயில் வருகிறது. உங்கள் உடல்நலத்துக்குக் கர்த்தரை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "சந்தேகப்படவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் வந்திருக்காது.

மாத்திரையை நான் எடுக்கவில்லை. அத்தைதான் சாப்பிடுகிறார். டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு நாளைக்கு இரண்டு, அதுவும் ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரத்துக்கு. இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு எத்தனை என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, பத்துக்குக் குறையாது. ஒரே சீட்டை நகலெடுத்து மூன்று மருந்துக் கடைகளில் காட்டுகிறார். தையல் மெஷின் டிராயரில் ஒரு அட்டை இருந்தது, அரிசி டிரம்மில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இரண்டு, கிறிஸ்துமஸ் குடில் பெட்டியில் சொரூபங்களைச் சுற்றிய வைக்கோலுக்குள் இரண்டு. என் ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் கேட்டேன். தினமும் எண்ணிப் பார்த்துச் சொல் என்றார். அதைத்தான் செய்கிறேன். பீரோவைப் பூட்டுவதும் அதற்குத்தான். எனக்குக் கால்வலி என்று வாங்கி வைத்த சாதாரண மாத்திரையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

போன வாரம் காபி குடித்துக்கொண்டிருந்தவருக்குக் கை வெட்டி வெட்டி இழுத்தது. டம்ளர் தெறித்து விழுந்தது. ஒரு நிமிஷத்துக்கு அவருக்கு நினைவே இல்லை. இந்த மாத்திரை அதிகமானால் வலிப்பு வரும் மாமா. உங்களுக்குத் தெரியாததில்லை. கேட்டால், "நீதான் காபில என்னமோ கலந்துபோட்டே" என்கிறார்.

கடைக்காரர்கள் மூன்று பேரையும் பார்த்துப் பேசிவிட்டேன். இனிக் கொடுப்பதில்லை என்கிறார்கள். அப்படியும் புது அட்டை வருகிறது. ராமாமணி அம்மா வீட்டுக்குப் பழுப்புத் தாள் சுற்றிய பார்சல் வந்ததாக எதிர்வீட்டில் சொன்னார்கள். ராமாமணி அம்மாவிடம் கேட்டால், "உங்க மாமியார் சாமி சாமானம்னு சொன்னாங்க கண்ணு, நான் பிரிச்சுப் பாக்கலீங்க" என்கிறார்.

அதை அனுப்புவது யார் என்று உங்களுக்குத் தெரியுமா மாமா?

கெசியா


வால்பாறை
25.3.2024

அமலிக்கு,

நீ நலமா என்று கேட்டுத்தான் எல்லாக் கடிதத்தையும் தொடங்குகிறோம். இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

கெசியா எனக்கு எழுதி மூன்று வாரமாகிறது. அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை. போட்டால் நான்தான் அனுப்பினேன் என்று எழுத வேண்டும். அதற்குத் துணிச்சல் வரவில்லை. உன் பத்து அட்டையையும் அனுப்பவில்லை. இனி அனுப்ப மாட்டேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் குடித்ததும் விட்டதும் உனக்குத் தெரியும். பதினோரு வருஷமாயிற்று. கடைசியில் எதைக் குடித்தேன் என்று உனக்குத் தெரியாது. கடை மூடியிருக்கிற நாட்களில் டிஸ்பென்சரி ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து குடித்தேன். பாட்டில் குறைவதை மேனேஜர் கண்டுபிடித்தபோது, வாட்ச்மேன் செங்கோட்டையன் எடுக்கிறான் என்று சொன்னேன். பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை அமலி. அவன் ஜன்னல் பக்கம் நின்றது, பையோடு போனது, கண் சிவந்திருந்தது, ஒவ்வொன்றாகச் சேர்த்து அவன்தான் திருடன் என்று நானே நம்பிவிட்டேன். அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலிசெய்து பெண்டாட்டி பிள்ளைகளோடு பஸ் ஏறினான். நான் டிஸ்பென்சரிக் கதவில் நின்று பார்த்தேன். அன்றைக்கும் குடித்தேன்.

கெசியாவைப் பற்றி நீ எழுதிய இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கைப்பை, பூட்டு, ஜன்னல். என் குரல் அப்படியே கேட்டது.

ஒரே ஒரு கேள்வி. இன்றைக்கு எத்தனை போட்டாய்? சரியான எண்ணை எழுது, போதும். உனக்காக எங்கே வர வேண்டுமானாலும் வருகிறேன்.

அண்ணன்


போத்தனூர்
29.3.2024

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இன்று பெரிய வெள்ளி. கோயிலுக்குப் போக வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து இதை எழுத வைத்துவிட்டீர்கள்.

குடித்துக் குடித்து அண்ணியைக் கண்ணீரோடு புதைகுழிக்கு அனுப்பியவர் நீங்கள். நான் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போடுகிறவள். இரண்டும் ஒன்றா? எனக்கு இருப்பது வலி. உங்களுக்கு இருந்தது கொழுப்பு. அந்தப் பெண் உங்களையும் வளைத்துப் போட்டுவிட்டாள் என்பது தெரிந்துவிட்டது. கூடப் பிறந்தவளைவிட நேற்று வந்தவள் பேச்சு உங்களுக்கு வேதவாக்கு.

யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியும்படி நான் செய்துவிட்டேன். இனி அவள் பவிசு வெளியே வரும்.

எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

அமலி


ஈரோடு
22.4.2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

விலாசத்தைப் பார்த்தவுடன் புரிந்திருக்கும். அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது.

என் ஆஸ்பத்திரிக்குப் பெயரில்லாக் கடிதம் ஒன்று போயிருக்கிறது. நான் வார்டிலிருந்து டிராமடால் திருடி வெளியே விற்கிறேன் என்று எழுதியிருக்கிறது. கூடவே காலி அட்டை ஒன்று. அதன் பின்னால் "எஸ்டேட் உபயோகத்துக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல" என்று நீல மையில் ரப்பர் ஸ்டாம்ப். வார்டு மருந்தோடு ஏதோ எஸ்டேட் மருந்தையும் நான் கடத்துகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று உத்தரவு. எல்லோர் முன்னாலும் என் லாக்கரைத் திறந்தார்கள். ஒன்றும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறேனா என்று பார்க்கச் சிறுநீர் கேட்டார்கள், கொடுத்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அட்டைக்கு என்ன பதில் என்று கேட்கிறார்கள்.

எழுத்து அத்தையுடையது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் எழுதுகிற குண்டுகுண்டான எழுத்தை யாரால் மறைக்க முடியும்? அதை நான் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் மருமகனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "கெசி, நீ எடுக்கலைதானே?" என்றார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். உடனே மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட வீட்டில் என்னால் அன்றைக்குச் சோறு உண்ண முடியவில்லை.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இப்போது ஸ்டாம்ப் எழுதிவிட்டது.

கெசியா


வால்பாறை
27.4.2024

பெறுநர்: செவிலியர் கண்காணிப்பாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் மருத்துவமனைச் செவிலியர் கெசியா மீது வந்துள்ள புகார் தொடர்பாக இதை எழுதுகிறேன். புகாரோடு இணைக்கப்பட்டிருந்த காலி அட்டை, நான் மருந்தாளுநராகப் பணிபுரியும் தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரிக்குச் சொந்தமானது. சென்ற ஜனவரியில் அதையும் சேர்த்து மூன்று அட்டைகளை நான்தான் விதிக்குப் புறம்பாக எடுத்து, போத்தனூரில் உள்ள என் உறவினர் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினேன். பதிவுத் தபால் ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். இதில் கெசியாவுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அந்த உறவினரைக் காப்பாற்ற முயன்றவர் அவர் ஒருவரே.

இதே கடிதத்தின் நகலை எங்கள் தோட்ட மேலாளருக்கும் கொடுத்துவிட்டேன். தேவைப்பட்டால் நேரில் வந்து சொல்லத் தயார்.

தங்கள் உண்மையுள்ள,
பா. அமிர்தராஜ்


போத்தனூர்
16.6.2024

அன்புள்ள கெசியாவுக்கு,

நீயும் உன் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மேல் குற்றமில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததையும், நீ அங்கே திரும்பாமல் ஈரோட்டிலேயே வேலை பார்த்துக்கொண்டதையும் ஜெப்ரி சொன்னான். மார்ச் மாதமே உனக்குப் பதில் எழுதியிருந்தால் உன் லாக்கரை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கிற வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

எஸ்டேட்டில் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். போலீசுக்குப் போகாமல் விட்டது அவர்கள் பெருந்தன்மை. இப்போது போத்தனூரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன்.

வந்த அன்றைக்கு அமலி கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "மாத்திரை கொண்டாந்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன். ஜன்னலைச் சாத்திவிட்டாள். அப்புறம் தினமும் காலையில் போய்ப் படியில் உட்கார்ந்திருப்பேன். பத்தாம் நாள் கதவைத் திறந்து ஒரு டம்ளர் காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகுகிறது, காலை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை. கையில் இருந்தது தீர்ந்துகொண்டிருந்தது என்று புரிந்தது.

ஜூன் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. எங்கிருந்தோ கிடைத்ததை மொத்தமாகப் போட்டிருக்கிறாள். பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது வலிப்பு வந்து விழுந்தாள். நாக்கு கடிபட்டு ரத்தம். ஜெப்ரி தூக்கிக்கொண்டு ஓடினான். ஆட்டோவில் அவன் மடியில் தலை. கண் விழித்ததும் அவனைப் பார்த்து, "அவ என்னைத் தள்ளிவுட்டாளா?" என்றாள். ஜெப்ரி, "கெசியா ஊர்லயே இல்லீங்கம்மா. நீங்கதான் தொரத்திபோட்டீங்க" என்றான். அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "அப்படின்னா நாந்தானா?" என்றாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "முதுகுல வலி இருந்தது நெசமுங்க. அது ஆறி எத்தனையோ நாளாச்சு. இப்ப மாத்திரை எறங்கறப்ப ஒடம்பு கேக்குதில்லீங்களா, அதையும் மூளை வலின்னுதான் சொல்லும். அவங்க பொய் சொல்லலீங்க, அவங்களுக்கு அப்படித்தான் தெரியுது." அடுத்தவர் மேல் சந்தேகம் வருவதைப் பற்றிக் கேட்டேன். தன்னைப் பார்க்கப் பயப்படுகிறவர்கள் அடுத்தவர்களை உற்றுப் பார்ப்பார்கள் என்றார்.

அவளை இப்போது நகருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். போன் கிடையாது. ஞாயிறு மட்டும் பார்க்கலாம். உன்னை வா என்று கூப்பிட எனக்கு உரிமையில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

ஆசிகளுடன்,
அமிர்தராஜ்


மறுவாழ்வு இல்லம், கோயம்புத்தூர்
2.9.2024

அன்புள்ள கெசியா கண்ணு,

நலமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். ஈரோட்டு வெயிலில் உனக்குத் தலைவலி வருமே, தேவலையா?

ஆஸ்பத்திரிக்கு அந்தக் கடிதத்தை எழுதியது நான். உனக்குத் தெரியும் என்று ஜெப்ரி சொன்னான். தெரிந்தும் நீ யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னான். உன் வேலையைக் கெடுக்க வேண்டும் என்று யோசித்து எழுதியதுதான். மயக்கத்தில் எழுதினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

இங்கே எங்களை வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்கிறார்கள். சாராயம் குடித்த பெண்கள் இரண்டு பேர், தூக்க மாத்திரை போட்ட காலேஜ் வாத்தியாரம்மா ஒருத்தர், நான். முதல் மாதம் நான் வாயே திறக்கவில்லை. எனக்கு வந்தது டாக்டர் கொடுத்த நோய், இவர்களோடு எனக்கென்ன என்று இருந்தேன். வாத்தியாரம்மா ஒருநாள், தன் தூக்க மாத்திரையை வேலைக்காரி திருடுகிறாள் என்று அவளைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்ததைச் சொன்னார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜெப்ரி அப்பா போனபிறகு அந்த வீட்டில் யாரும் என்னைத் தொட்டுப் பேசியதில்லை. நீங்கள் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து முதல் மாத்திரை போட்ட அன்று யாரோ வெந்நீரில் நனைத்த துணியால் முதுகு முழுக்க ஒத்தடம் கொடுத்த மாதிரி இருந்தது. வலி போனது பெரிதில்லை. ஒன்றுமே குறையில்லை என்று தோன்றியது. பிறகு அதே மாதிரி இருக்க இரண்டு வேண்டியிருந்தது, பிறகு நான்கு. கடைசியில் எதுவும் சுகமாக இல்லை, போடாவிட்டால் நரகம், அவ்வளவுதான். காலையில் பத்தைப் பார்த்து, சாயங்காலம் ஆறைப் பார்க்கும்போது, நான்கையும் நான் போட்டேன் என்பதை என்னால் நம்ப முடியாது கண்ணு. ஆகவே வேறு யாரோ எடுத்திருக்க வேண்டும். நீ இருந்தாய்.

எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன் என்று இங்கே டாக்டரிடமும் அண்ணாவிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. வீட்டில் இன்னும் ஒரு அட்டை இருக்கிறது. பரணில் பெரிய இட்லிக் குண்டானுக்குள், துணிக்குக் கீழே. போய் எடுத்துவிடு. வேறு எவரிடமாவது சொன்னால் பரவாயில்லை என்பார்கள். நீ சொல்ல மாட்டாய். ஆகவே உன்னிடம் சொல்கிறேன்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

அத்தை,
அமலி


ஈரோடு
10.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் நலமா? தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதாக உங்கள் மருமகன் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அத்தையிடமிருந்து வியாழக்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டில் இன்னும் ஒரு அட்டை இருப்பதாகவும், இடத்தையும் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ரயிலில் போத்தனூர் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். என்னிடம் பழைய சாவி இருந்தது. இட்லிக் குண்டானில், எழுதிய மாதிரியே, துணிக்குக் கீழே ஒன்று இருந்தது.

அதோடு வந்திருக்கலாம். வர முடியவில்லை. ஒன்று என்று சொல்கிறாரா, அப்படியானால் எத்தனை இருக்கும் என்றுதான் மனம் ஓடியது. பகல் முழுக்க வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். தலையணை உறையைப் பிரித்தேன். மாவு டப்பாவைக் கொட்டிச் சலித்தேன். கடைசியில் பழைய மிக்ஸி அட்டைப்பெட்டியில், தெர்மோகோலுக்கு அடியில், இன்னும் இரண்டு கிடைத்தன. மொத்தம் மூன்று. தரையில் உட்கார்ந்து அழுதேன் மாமா. மாத்திரைக்காக அழவில்லை. மன்னிப்புக் கேட்காத அந்தக் கடிதத்தை நான் முழுதாக நம்பியிருந்தேன். அதற்காக அழுதேன்.

வீட்டை ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. இனி அந்த வீட்டில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி, மறுநாள் ஞாயிறு. இரண்டு நாளும் தபால் இல்லை. நேற்று அத்தையிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. நான்கு வரிதான். அப்படியே எழுதுகிறேன்:

"கெசியா, ஒன்று என்று எழுதினேன். பொய். மிக்ஸி டப்பாவில் தெர்மோகோலுக்குக் கீழே இரண்டு இருக்கிறது. அது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அதையும் எடுத்துவிடு."

ஐந்தாம் தேதி என்று போட்டிருந்தார். அதை நம்பாமல் உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தேன். ஆறாம் தேதி, காலைத் தபால். நான் அந்த வீட்டுக் கதவைத் திறக்கும்போது இந்தக் கடிதம் தபாலாபீஸில் இருந்திருக்கிறது. நான் கண்டுபிடித்தது அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. யாரும் சொல்லியிருக்க முடியாது. உறையை வெளிச்சத்தில் பிடித்து நான்கு முறை பார்த்தேன் மாமா. தேதி மாறவில்லை.

வருகிற ஞாயிறு நானும் இல்லத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகனிடம் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். அத்தையிடம் வேறு எங்காவது இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்பேன். இல்லை என்று அவர் சொன்னால், அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு டப்பாவையும் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

அன்புடன்,
கெசியா